டைனமோ காருக்கு ரெகுலேட்டர்: எதை வாங்குவது, எதைச் சோதிப்பது

மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஆரம்பகால அம்பாசடர் போன்ற கார்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. அதை அடக்கி ஆள்வது பானெட்டுக்கு அடியில், தடுப்புத் தகட்டில் திருகியிருக்கும் கறுப்பு மூடிப் பெட்டி. நம் ஊர் பட்டறைகளில் இதற்குக் ‘கட்டவுட்’ என்றுதான் பெயர். உண்மையில் கட்டவுட் என்பது அதில் பாதி. மூடியைத் திறந்தால் லூகாஸ் கம்பெனியின் ஆர்.பி. 106 வகையில் இரண்டு காயில்கள் தெரியும். ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். மற்றொன்றுதான் கட்டவுட்: டைனமோ போதிய வேகத்தில் சுற்றும்போது பேட்டரியோடு இணைக்கும், வேகம் குறைந்ததும் பிரித்துவிடும். பின்னால் வந்த ஆர்.பி. 340-இல் மூன்று காயில்கள். மூன்றாவது, டைனமோ தரும் ஆம்பியருக்கு வரம்பு போடுவதற்கு.

பாதுகாப்பு என்று வரும்போது எல்லோரும் பேசுவது ஓவர் சார்ஜிங் பற்றி. பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் வெளியேறும், பல்புகள் அடிக்கடி போகும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிட மோசமானது கட்டவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொள்வது. இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். டைனமோ மோட்டாராகச் சுற்றப் பார்க்கும், ஃபேன் பெல்ட் பிடித்திருப்பதால் சுற்ற முடியாது, அந்தக் கரண்ட் முழுவதும் சூடாக மாறும். இந்தக் கார்களில் டைனமோ ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஆளில்லாத கராஜில் ஒயரிங் எரிவதற்கு இது போதும். எந்த ரெகுலேட்டர் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, ரிவர்ஸ் கரண்டை (இப்படிப் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாய்வதை) அது எப்படித் தடுக்கிறது என்பதைத்தான்.

பெட்டிக்கு முன்னால் டைனமோ

ரெகுலேட்டர் தனிச் சாமான் அல்ல. குறிப்பிட்ட ஒரு டைனமோவுக்காகச் சுற்றப்பட்ட காயில் அது. எனவே கடைக்குப் போகுமுன் டைனமோ உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். லூகாஸ் சி39 என்றால் சுமார் 19 ஆம்பியர், சி40/1 என்றால் 22, சி40எல் என்றால் 25, சி42 என்றால் 30. சிறிய டைனமோவுக்குப் பெரிய டைனமோவின் பெட்டியை மாட்டினால், அது தாங்க முடியாத கரண்டைக் கேட்டு வாங்கும். விளைவை டைனமோவைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம்: கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் காயில்) ஒயர்களைப் பிடித்திருக்கும் ஈயம் உருகி, உள்சுவரில் வெள்ளிப் புள்ளிகளாக வளையம் போட்டுத் தெறித்திருக்கும். அந்தப் புள்ளிகள் இருந்தால் ஆர்மேச்சரைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி வாங்குவது வீண்.

அடுத்தது எர்த். பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். பழைய காயில் பெட்டிக்கு எது எர்த் என்பது பொருட்டில்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு அதுதான் உயிர், மாற்றி இணைத்தால் நொடியில் போய்விடும். இத்தனை வருடத்தில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பாமல் காரைப் பாருங்கள்.

மூன்றாவது, ஃபீல்டு காயில் (டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் காயில்) எங்கே எர்த் ஆகிறது என்பது. லூகாஸ் டைனமோவில் ஃபீல்டின் ஒரு முனை உள்ளேயே பாடியோடு சேர்ந்துவிடும், மறுமுனைக்கு ரெகுலேட்டர் கரண்ட் கொடுக்கும். சில அமெரிக்க, ஜெர்மன் டைனமோக்களில் தலைகீழ்: ஃபீல்டுக்குக் கரண்ட் உள்ளேயே கிடைக்கும், ரெகுலேட்டர்தான் அதை எர்த் செய்யும். ஒன்றின் பெட்டி மற்றதற்கு ஆகவே ஆகாது. டைனமோவை மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: டைனமோவில் பெரிய முனை டி, சிறியது ஃபீல்டுக்கான எஃப்; இரண்டு ஒயர்களையும் கழற்றி, டி முனையோடு சேர்ந்த கார்பன் பிரஷ்ஷுக்கு அடியில் ஒரு துண்டு அட்டையைச் செருகுங்கள். எஃப் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஓம் அளந்தால் 6 ஓம் அளவில் வர வேண்டும். அங்கே ஒன்றும் காட்டாமல், எஃப்-டி இரண்டுக்கும் நடுவே 6 ஓம் காட்டினால் அது அடுத்த வகை. அட்டை செருகாமல் அளந்தால் ஆர்மேச்சர் வழியாகவும் ரீடிங் வந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் அந்த அட்டையைத் தவிர்க்க வேண்டாம். 6 ஓமுக்குப் பதில் 3, 4 என்று வந்தால் ஃபீல்டு காயில் உள்ளுக்குள் ஷார்ட். அதோடு ஓட்டினால் எந்தப் பெட்டியின் காண்டாக்டும் கருகும்.

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க ரெகுலேட்டரே வேண்டாம். டைனமோவின் டி, எஃப் முனைகளில் இருக்கும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டி, அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டர் வையுங்கள். இன்ஜினை ஐட்லிங்கில் ஓட்டி மெதுவாக வேகம் கூட்டினால் வோல்ட் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ரேஸ் கொடுக்கவும் வேண்டாம், கட்டுப்பாடு இல்லாத டைனமோ அது. அரை வோல்ட், 1 வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டில் கோளாறு. 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். ஒன்றுமே வராவிட்டால் பிரஷ்ஷைப் பாருங்கள்.

கணக்கு போட்டுவிட்டு வாங்குங்கள்

ரெகுலேட்டர் கரண்டை உண்டாக்காது, இருப்பதைப் பங்கிடும். இரவில் மழையில் ஓட்டும்போது என்ன செலவு என்று கூட்டிப் பாருங்கள். இக்னிஷன் காயில் 3.5 ஆம்பியர். 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 7.5. பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகளுக்கு 2.5. வைப்பர் 3. மொத்தம் 16.5. சி39 டைனமோவுக்கு 2.5 ஆம்பியர்தான் மிச்சம், அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடினால்தான். ஐட்லிங்கில் டைனமோ ஒன்றும் தராது, முழுச் செலவும் பேட்டரியிலிருந்து போகும். சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டின் சிவப்பு வார்னிங் விளக்கு மங்கலாக எரிவது இயல்பு, அதற்காகப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

இதே காரில் 60/55 வாட் ஹாலோஜன் மாட்டினால் ஹை பீமில் ஹெட்லைட் மட்டும் 10 ஆம்பியர், மொத்தம் 19. 100/90 மாட்டினால் 25-ஐத் தொடும். ‘பேட்டரி சார்ஜ் ஏறவில்லை’ என்று ரெகுலேட்டரின் திருகை இறுக்கி வோல்டேஜை ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சறுக்கியிருப்பார்கள். திருகை இறுக்கினால் டைனமோ கொடுக்க முடியாததைக் கொடுக்கப் பார்த்து வெந்துபோகும். செலவு 20 ஆம்பியரைத் தாண்டினால் ஒன்று விளக்குகளைக் குறைக்க வேண்டும், இல்லையேல் ஆல்டர்னேட்டருக்குப் போக வேண்டும்.

நான்கு வழிகள்

முதல் வழி, காரோடு வந்த பெட்டியையே சரிசெய்வது. காயில் கருகாமல், எண் பொருந்தியிருந்தால் எங்கள் தேர்வு இதுதான். அந்தக் காலத்துப் பெட்டியின் காயில், ஸ்பிரிங், ரிவெட் எல்லாம் இப்போது வரும் மலிவுப் பிரதிகளைவிடத் திடமானவை. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காண்டாக்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே தாள் ஆகாது. ரெகுலேட்டர் காண்டாக்டுக்கு மெல்லிய கார்போரண்டம் கல் அல்லது சிலிக்கன் கார்பைடு தாள். கட்டவுட் காண்டாக்ட் மென்மையானது, கார்போரண்டமோ எமரியோ பட்டால் துகள் அதில் புதைந்து சூடாகும். அதற்கு நைஸான கண்ணாடித்தூள் தாள் ஒரு கீற்று மட்டும். பிறகு இரண்டையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஆழமாகக் குழி விழுந்திருந்தாலோ காயிலில் வார்னிஷ் கறுத்து வாடை அடித்தாலோ அந்தப் பெட்டியை விட்டுவிடலாம்.

இரண்டாவது, புதிதாகச் செய்த அதே மாடல் காயில் பெட்டி. வெளித்தோற்றம் அச்சு அசல் இருக்கும், உள்ளே தரம் ஆளுக்கு ஆள் மாறும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆர்.பி. 106/2-இல் எதுவும் இணைக்காத நிலையில் டி-எஃப் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். ரெகுலேட்டர் காண்டாக்டை விரலால் பிரித்துப் பிடித்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். அது பின்பக்கத்து ரெசிஸ்டர். அது அறுந்திருந்தால் காண்டாக்ட் பிரியும் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து சில நாளில் எரிந்துவிடும். ஏ (பேட்டரிக்குப் போகும் முனை), டி இரண்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் கட்டவுட் பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறது என்று பொருள், தொடாமல் திருப்பிக் கொடுங்கள். முனைகளின் ரிவெட்டுகளை அசைத்துப் பாருங்கள். ஆடினால் அந்த இடம்தான் நாளை சூடாகும்.

மூன்றாவது, பழைய மூடிக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட் வைத்த டைனமோ ரெகுலேட்டர். நல்லதாகக் கிடைத்தால் தினமும் ஓடும் காருக்கு ஏற்றது. காண்டாக்ட் இல்லை, ஒட்டுவதும் இல்லை, வோல்டேஜ் 14.2-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும். வாங்குமுன் விற்பவரிடம் ஐந்து பதில்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்த எர்த்துக்கு; எத்தனை ஆம்பியர் வரம்பு, அது உங்கள் டைனமோ எண்ணைத் தாண்டவில்லைதானே; ஃபீல்டுக்கு எவ்வளவு கரண்ட் தாங்கும் (6 ஓம் காயில் 14.4 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் இழுக்கும், 4 ஆம்பியராவது தாங்க வேண்டும்), ரிவர்ஸ் கரண்டைத் தடுப்பது டயோடா (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுவது) வேறா, இன்ஜின் பக்கத்துச் சூட்டை எவ்வளவு தாங்கும். டயோடு என்றால் சூடு போக வழி இருக்க வேண்டும். அரை வோல்ட் இழப்பு, 22 ஆம்பியர் என்றால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் 11 வாட். அலுமினியத் தகட்டில் பதிக்காமல், மூடியில் காற்றுவழி இல்லாமல் இருந்தால் சித்திரை வெயிலில் நிற்காது.

ஆல்டர்னேட்டருக்கான ரெகுலேட்டரையோ பைக்கின் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டரையோ டைனமோவில் ‘அட்ஜஸ்ட்’ செய்து மாட்டுவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆல்டர்னேட்டரில் ரிவர்ஸ் கரண்டைத் தடுப்பது அதற்குள்ளேயே இருக்கும் டயோடுகள், ஆகவே அதன் ரெகுலேட்டரில் கட்டவுட் கிடையாது. டைனமோவில் டயோடும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் மேலே சொன்ன தீ விபத்துக்கு நாமே ஒயர் இழுத்துக் கொடுத்த மாதிரி.

நான்காவது, ஆல்டர்னேட்டர். லூகாஸ் 17ஏ.சி.ஆர். போன்றவை 36 ஆம்பியர், 18ஏ.சி.ஆர். 45 ஆம்பியர் தரும், ரெகுலேட்டர் பின்மூடிக்குள்ளேயே இருக்கும். சாதாரணமாக நெகட்டிவ் எர்த் மட்டும். சார்ஜிங் ஒயரை 6 சதுர மி.மீ.க்கு மாற்றியே ஆக வேண்டும். டேஷ்போர்டில் 30 ஆம்பியர் வரை காட்டும் பழைய அம்மீட்டர் இருந்தால் அதன் வழியாக இந்தக் கரண்டை விடாதீர்கள். முனை சூடாகி டேஷுக்குப் பின்னால் புகையும். அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள். வார்னிங் விளக்கு 2.2 வாட் பல்பாகவே இருக்கட்டும். அதன் வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் முதலில் உயிர் பெறுகிறது, எல்.இ.டி. போட்டால் சில சமயம் சார்ஜே தொடங்காது.

16 வோல்ட் குழப்பம்

ஆர்.பி. 106-ஐக் கெடுக்கும் முதல் தவறு, ஆல்டர்னேட்டருக்கான வோல்டேஜ் எண்ணை வைத்து அதை அளப்பது. இந்தப் பெட்டியின் கையேட்டில் செட்டிங் 16 வோல்ட் அருகே இருக்கும். 20 டிகிரியில் 15.6 முதல் 16.6 வரை, கார் மாடலைப் பொறுத்துச் சற்று மாறும். பார்த்தவுடன் ‘பேட்டரி வெந்துவிடுமே’ என்று 14.2-க்குக் குறைத்துவிடுகிறார்கள். அதன்பின் பேட்டரி ஒருபோதும் நிறையாது. காரணம், அந்த 16 பேட்டரியைப் பிரித்துவிட்டு, லோடே இல்லாமல் அளக்கும் எண். பேட்டரியும் விளக்கும் சேர்ந்ததும் ரெகுலேட்டர் காயிலில் கரண்ட் பாயும் தடித்த ஒயர்ச் சுற்று அதன் காந்தத்துக்குத் துணை சேர்ந்து வோல்டேஜைத் தானாக இறக்கும். ஓடும் காரில் பேட்டரி முனையில் பார்த்தால் 14 சொச்சம்தான் இருக்கும். ஆர்.பி. 340-இல் இந்த ஏற்பாடு இல்லை, அதனால் அதன் எண் தாழ்வு: 25 டிகிரி வரை 14.5-15.5, அதற்கு மேல் 14.25-15.25.

ஆர்.பி. 106-ஐ அளக்கும் முறை இது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஏ, ஏ1 (இக்னிஷனுக்கும் விளக்குகளுக்கும் போகும் முனை) முனைகளின் ஒயர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றிவிடுங்கள். இக்னிஷனுக்குக் கரண்ட் கிடைக்கும், ஆனால் டைனமோ பேட்டரியைப் பார்க்காது. டி முனைக்கும் ஈ (எர்த்) முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டர். காண்டாக்ட் துடிப்பதால் டிஜிட்டல் மீட்டரில் எண் குதிக்கும், முள் மீட்டர் இருந்தால் அதுவே நல்லது. இன்ஜினைக் கிளப்பி மெதுவாக வேகம் கூட்டுங்கள். முள் ஏறி, ஒரு துடி துடித்து, ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்தான் செட்டிங். தவறினால் லாக் நட்டைத் தளர்த்தித் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். வலமாகத் திருப்பினால் ஏறும், இடமாக இறங்கும். அரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும், காயில் சூடானால் அளவு பொய்யாகும். பெட்டியின் இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டவுட் மூடுவது 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள், பிரிவது 8.5 முதல் 11-க்குள் இருக்க வேண்டும்.

நம் சூட்டுக்கு ஒரு சொல். பேட்டரி 1 டிகிரி சூடாக ஆக அதற்குத் தேவையான சார்ஜ் வோல்டேஜ் ஏறத்தாழ 0.02 குறைகிறது. 25 டிகிரியில் 14.4 என்றால் 45 டிகிரியில் 14.0 போதும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடும் காருக்கு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் 14.0-14.2-இல் செட் செய்ததாக இருப்பதே மேல். சீல் வைத்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் இன்னும் கவனம், காய்ந்த தண்ணீரை அதில் திரும்ப ஊற்ற முடியாது.

மாட்டும்போது

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். பெட்டியை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எட்டத்தில் திருகுங்கள். டைனமோவில் பெரிய முனை டி, சிறியது எஃப். ஒயர் நிறம் டி-க்கு மஞ்சள் அல்லது பழுப்பு-மஞ்சள், எஃப்-க்கு மஞ்சள்-பச்சை அல்லது பழுப்பு-பச்சை. இதற்குள் யாராவது ஒயரிங் மாற்றியிருப்பார்கள் என்பதால் மீட்டரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் முதல் கிளப்பலிலேயே காண்டாக்ட் போகும். புது ஒயர் என்றால் டி-க்கு 4 சதுர மி.மீ., எஃப்-க்கு 1.5.

ஈ முனையின் எர்த்தைப் பெட்டியின் திருகு பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். பெயிண்டும் துருவும் நடுவில் இருந்தால் ரெகுலேட்டர் காயிலுக்குக் கரண்ட் குறையும், வோல்டேஜ் ஏறவில்லை என்று அது நினைத்து இன்னும் ஏற்றும். விளங்காத ஓவர் சார்ஜில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஈ-யிலிருந்து டைனமோ உடம்புக்கே 2.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். ஹெட்லைட் போட்டு இன்ஜின் ஓடும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

ரேடியோ இரைச்சலுக்குக் கண்டன்சர் மாட்டுவதானால் டி-யில் மட்டும். எஃப்-இல் மாட்டினால் ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகிவிடும்.

டைனமோவைக் கழற்றி மாட்டியிருந்தாலோ எர்த்தை மாற்றியிருந்தாலோ போலரைஸ் செய்ய வேண்டும், அதாவது டைனமோவின் காந்தத் துருவத்தைப் பேட்டரிக்கு ஏற்ப அமைக்க வேண்டும். எஃப் ஒயரை டைனமோவிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து (எர்த் ஆகாத முனை) ஒரு ஒயரால் டைனமோவின் எஃப் முனையை ஒரு நொடி, இரண்டு மூன்று தடவை தொடுங்கள். சிறு பொறி வரும், அவ்வளவுதான். ரெகுலேட்டர் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், எலக்ட்ரானிக் பெட்டி அங்கேயே செத்துவிடும்.

ஃபியூஸ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். மெயின் ஒயரில் 35, 40 ஆம்பியர் ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டுக்கு உதவும். ஆனால் கட்டவுட் ஒட்டினால் பாயும் கரண்ட் ஆர்மேச்சரின் எதிர்ப்பால் 30 ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடலாம், ஃபியூஸ் போகாமலே டைனமோ வேகும். எனவே பேட்டரி எர்த்தில் கைத்திருகு ஐசொலேட்டர் (பேட்டரியைப் பிரிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம். நிறுத்தும்போதெல்லாம் அதைத் திருப்பி எடுத்துவிடுங்கள்.

கிளப்பிய பிறகு

எல்லாம் இணைத்து இன்ஜினை 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு முழுக்க அணைய வேண்டும், பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் சற்று இறங்கலாம், 13.2-க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது சோதனைக்காகப் பேட்டரி கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் ஆல்டர்னேட்டர் டயோடும் அந்த ஒரு நொடி வோல்டேஜ் குதிப்பில் போய்விடும்.

பிறகு இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, டி முனைக்கும் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியக் கூடாது. எரிந்தால் கட்டவுட் ஒட்டியிருக்கிறது, உடனே ஐசொலேட்டரைத் திருப்புங்கள். அம்மீட்டர் உள்ள கார் என்றால் இன்ஜின் வேகம் குறையும்போது முள் 3 முதல் 5 ஆம்பியர் வரை டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்து, டக்கென்று பூஜ்யத்துக்கு வரும். அது சரியான கட்டவுட்டின் அடையாளம். சாய்ந்த முள் அங்கேயே நின்றால் பெட்டியைக் கழற்றும் வரை காரை எடுக்காதீர்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை மூடியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் லோடு கணக்கையும் முனைத் திருகுகளையும் மறுபடி பாருங்கள். பேட்டரியின் ஆறு செல்லிலும் தண்ணீர் ஒரே அளவில் குறைந்தால் வோல்டேஜ் அதிகம். ஒரு செல்லில் மட்டும் குறைந்தால் கோளாறு அந்த செல்லில், ரெகுலேட்டரைத் தொட வேண்டாம்.